மையூருக்கு மேலே ஒரு தாள்

மதுரையிலிருந்து கிழக்கே போகிற சாலையில், பென்சில் கரி கிடைக்கிற குன்று ஒன்றின் அடிவாரத்தில் மையூர் இருக்கிறது. அந்த ஊர் வானத்தில் காகம் நடந்துபோன வருஷத்தில், கிராஃபீன் கம்பெனியின் பங்கு இல்லாத வீடு என்று தேடினால் அங்கே ஒன்றுகூட அகப்படாது. பங்கே வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்ட ஒரே மனிதரும் ஊருக்கெல்லாம் பங்கு வாங்கிக்கொடுத்த பெண்ணின் புருஷராக இருந்தபடியால், அவர் வீடும் அந்தக் கணக்கில் தானாகச் சேர்ந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் பெயர் மங்கையர்க்கரசி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறையும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு, சென்னையிலுள்ள ஒரு ஷேர் புரோக்கர் கம்பெனிக்கு ஏஜென்டாக இருந்தாள். கிராஃபீன் என்றால் என்ன என்று கேட்டு மாடியேறி வருகிறவர்களுக்கு அவள் ஒரு பென்சிலால் காகிதத்தில் கறுப்பாகத் தீட்டிக் காட்டுவாள், அதன்மேல் செல்லோடேப்பை ஒட்டி உரிப்பாள், உரித்ததை இன்னொரு டேப்பால் உரிப்பாள், அதையும் இன்னொன்றால் உரிப்பாள், கறுப்பு சாம்பலாகி, சாம்பல் நிழலாகி, நிழலும் தெரியாமல் போகிற இடத்தில் நிறுத்தி, "இப்படி உரிச்சுக்கிட்டே போனா கடைசியில ஒரே ஒரு அணு கனத்துக்கு ஒரு தாள் மிஞ்சும், அதுதான் கிராஃபீன், அதே கனத்துல இரும்பைத் தட்டினா இது அதைவிட நூறு மடங்கு தாங்கும்" என்பாள். சொல்லி முடித்ததும், கேட்கிறவர் கண் விரிவதைப் பார்த்துவிட்டு, "ஓடலாம், ஓடாமலும் போகலாம், சோத்துக்கு வச்சிருக்கிறதைப் போடாதீக" என்றும் மறக்காமல் சொல்வாள். முதலில் சொன்னதைக் கேட்ட ஊர் இரண்டாவது சொன்னதைக் கேட்கவில்லை.

கம்பெனியை நடத்தியவன் எபிநேசர். சர்ச் தெருக்காரன், மங்கையின் தம்பியோடு ஒரே பெஞ்சில் படித்தவன், வெளிநாட்டில் பத்து வருஷம் கார்பனைப் பற்றியே படித்துவிட்டு வந்து, மூடிக்கிடந்த நூற்பாலையை வாங்கி மிஷின்களை இறக்கியிருந்தான். குன்றிலிருந்து கரி வந்தது, கரியிலிருந்து சாம்பல்நிறத் தூள் வந்தது, இன்னொரு கூடத்தில் செம்புத் தகட்டின்மேல் பனி படிவதுபோலப் படியவைத்து உரித்தெடுக்கும் தாளும் வந்தது. வராதது ஒன்றுதான். டயர் கம்பெனி சாம்பிள் கேட்டது, அனுப்பினான், பிரமாதம் என்றார்கள். சிமென்ட் கம்பெனி கேட்டது, அனுப்பினான், அவர்களும் பிரமாதம் என்றார்கள். பெயின்ட் கம்பெனிக்காரர்கள் நேரிலேயே வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். ஆனால் கலப்பதற்கு வேறு மிஷின் வேண்டும் என்றார்கள், ஆனால் விலை என்றார்கள், ஆனால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். உலகத்திலேயே பலமான பொருளை வைத்துக்கொண்டு எபிநேசர் ஆர்டருக்காகக் காத்திருந்தான், அவனோடு சேர்ந்து ஊரும் காத்திருந்தது.

மங்கையின் புருஷர் அருணகிரி அரசு பஸ் டிரைவர். மையூருக்கும் மதுரைக்குமாக ஒரே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு நான் துட்டுப் போட மாட்டேன்" என்றார் அவர், சாப்பிட்டுக்கொண்டே.

"பேங்க்ல கிடக்குற உங்க துட்டு மட்டும் கண்ணுக்குத் தெரியுதாக்கும்?"

"பாஸ்புக்குல தெரியுதுல்ல."

வீட்டுக்கு மாடி எடுக்கவென்று சேர்த்ததைத் தன் பங்குக்கு அவள் கம்பெனியில் போட்டாள். எபிநேசரைத் தவிர ஊரில் யாரிடமும் அவ்வளவு பங்கு கிடையாது.

ஆடி மாதம் ஒரு காலையில், தாள் எடுக்கும் மிஷின் வழக்கமாக நிற்கிற அளவில் நிற்கவில்லை. அது தகட்டின்மேல் தாளைப் படியவைத்து, உரித்து, படியவைத்து, உரித்து, கிழியாமல், முடிச்சு விழாமல், விட்டுப்போகாமல் ஒரே தாளாக வெளியே தள்ளிக்கொண்டிருக்க, கண்ணுக்குத் தெரியாத தாள் என்பதால் கூடத்தில் நின்றவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் டீ குடித்துக்கொண்டிருக்க, ஆடிக்காற்று ஜன்னல் வழியாக அதன் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஊருக்கு மேலே விரித்தது. ஒரு மூலை நூற்பாலைப் புகைபோக்கியில் ஒட்டியது, ஒரு மூலை சர்ச் கோபுரத்தில் ஒட்டியது, ஒன்று செல்போன் டவரில், ஒன்று குன்றின் உச்சிப் பாறையில். அந்தத் தாள் எதிலும் தானாகவே ஒட்டிக்கொள்ளும், பசை வேண்டியதில்லை.

முதலில் கண்டது பரிமளா. பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை வைத்திருப்பவள். கரண்டியும் கையுமாக மாடிப்படி பாதி ஏறிவந்து மங்கையைக் கூப்பிட்டாள்.

"மதினி, காக்கா நடக்குது."

"நடந்துட்டுப் போகுது, அதுக்கென்ன இப்ப?"

"தரையில இல்ல மதினி."

மங்கை ஜன்னலைத் திறந்து பார்த்தாள். தென்னைமரத்துக்கு வெகு உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், காகம் ஒன்று ரோட்டில் நடப்பதுபோலத் தத்தித் தத்தி நடந்துபோய், நின்று, கீழே பார்த்துத் தலையைச் சாய்த்து, அலகால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தது. அதன் பாதங்களின் அடிப்பக்கத்தை அதற்குமுன் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. மத்தியானத்துக்குள் எபிநேசர் ஓடிவந்து, மூச்சுவாங்கிக்கொண்டே, ஊர் முழுவதையும் மூடியிருக்கிற தாளின் எடை மூன்று கிலோ சொச்சம் என்றும், உலகத்தில் எங்கேயும் எவரும் இவ்வளவு பெரிய ஒற்றைத் தாளை எடுத்ததில்லை என்றும் சொல்லி, பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதான். பரிமளா அவனுக்கு டீ கொடுத்தாள்.

ஊர் அதற்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஓரங்கள் திறந்து கிடந்ததால் காற்று வந்துபோனது, வெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்திருந்தது, அந்த இரண்டு பங்கை யாரும் தேடவில்லை. அப்பளம் போடுகிற பெண்கள் மழைக்கும் காகத்துக்கும் பயமில்லாமல் தெருநீளத்துக்குப் பாய் விரித்தார்கள். பேரூராட்சி அலுவலகத்தில் ஊரையே மூடியிருப்பது கூரைக் கணக்கில் வருமா, வீட்டுவரியை மாற்ற வேண்டுமா என்று மேலே எழுதிக் கேட்டார்கள். வானத்தின் சர்வே நம்பரைக் குறிப்பிடவும் என்று பதில் வந்தது. ஆவணியில் பெருமாள் கோயில் கும்பாபிஷேகம் நடந்தபோது கருடன் வந்து வட்டமிட்டது, மூன்றாவது சுற்றில் களைப்பாக இருந்ததோ என்னவோ, கலசத்துக்கு நேர்மேலே சிறகை மடக்கி உட்கார்ந்துவிட்டது, தீபாராதனை முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. வட்டமிட்ட கருடனை எல்லா ஊரும் பார்த்திருக்கிறது, உட்கார்ந்த கருடனை எந்த ஊர் பார்த்திருக்கிறது என்று சொல்லி மையூர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். படம் பார்த்தவர்கள் பங்கு வாங்கினார்கள். ஒருநாள் மதுரை விமானத்தில் இறங்கி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்ட மும்பைக்காரர் ஒருவர் வந்து, அண்ணாந்து பார்த்து, செல்போன் டவரில் ஆளை ஏற்றி மேலே ஒரு கல்லை எறியச் சொல்லி, கல் விழாமல் அங்கேயே கிடப்பதைக் கண்டு, தாள் இப்படியே பொங்கல்வரை இருந்தால், தன் இன்ஜினியர்கள் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால், கம்பெனியையே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது அன்றைக்குச் சாயங்காலமே ஊர் ஊராகப் பரவ, பங்கின் விலை ஏணி வைத்ததுபோல ஏறியது. மங்கையின் மாடிப்படியில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். விற்க வந்தவர் ஒருவரும் இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது.

அருணகிரியின் பஸ் வைப்பரை ஆட்டிக்கொண்டு, சேறு தெறித்து, மழையில் குளித்து ஊர் எல்லைக்கு வரும். எல்லையில் கோடு கிழித்தாற்போல மழை நின்றுவிடும். காய்ந்த புழுதியில் பஸ் ஈரமாக ஊர்ந்து வந்து நிற்கும். எல்லையோரம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு முன்னொரு காலத்தில் பிரித்துக்கொடுத்த நிலத்தில் தம்பி பாதியில் மழை பெய்தது, அண்ணன் பாதியில் பெய்யவில்லை, அவர்கள் பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தை மறுபடி ஆரம்பித்தார்கள். பெய்த தண்ணீரெல்லாம் தாளின்மேல் நின்றது. முதலில் தரையில் சிந்திய எண்ணெய்போல் ஒரு மினுமினுப்பு, பிறகு ஒரு குட்டை, பிறகு ஊருணி, தீபாவளிக்குள் ஊருக்குமேல் ஒரு கண்மாயே தொங்கியது. அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி ஜனங்கள் காய்கறி வாங்கினார்கள். தெருவெல்லாம் நெளிகிற வெளிச்சம் விழுந்தது, சுவர்கள் அசைவதுபோல் இருந்தன, நாரைகள் எங்கிருந்தோ காலில் ஒட்டிக் கொண்டுவந்த முட்டைகளிலிருந்து மீன்குஞ்சுகள் வந்தன, பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் பிள்ளைகளை மைதானத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து மீனின் செவுள் எங்கே இருக்கிறதென்று கேட்டார்.

கீழே கிணறுகள் இறங்கிக்கொண்டிருந்தன. நிஜக் கண்மாய் பிளந்து கிடந்தது. நெல் போட்டவர்கள் தலைக்குமேல் தண்ணீரும் காலுக்குக் கீழே வெடிப்புமாக வரப்பில் நின்றார்கள். போனை எடுத்து அன்றைய விலையைப் பார்த்தால் மனசு கொஞ்சம் ஆறும், மறுபடி வயலைப் பார்த்தால் எரியும், மறுபடி போனை எடுப்பார்கள்.

கார்த்திகையில் தாளின் தொங்கல் தென்னைமரத் தலைகளைத் தொட்டது. பரிமளாவின் கடைக்குப் பின்னால் நின்ற மரத்தின் மட்டைகள் வளைந்து கூரையில் உரசின. கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் நின்று கையைத் தூக்கினால் உள்ளங்கையில் குளிர்ச்சியாக, வழவழவென்று, ஒரு பெரிய மாட்டின் வயிறுபோல் அது தட்டுப்பட்டது. அன்றைக்குத்தான் பேரூராட்சித் தலைவர் துரைச்சிங்கம் அதே மண்டபத்தில் கூட்டம் போட்டார். காலை வேளை, மண்டபம் நிறைந்து வெளியேயும் ஆட்கள் நின்றார்கள்.

எபிநேசர் மேடையேறிப் பொங்கல்வரை பொறுக்கச் சொன்னான். தாள் தாங்கும் என்றான். இதைப்போலப் பத்து மடங்கையும் தாங்கும் என்றான். அவன் சொன்னதில் பொய்யில்லை, அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அருணகிரி பின்வரிசையிலிருந்து எழுந்தார். "எனக்கு இதுல ஒரு பங்கும் கிடையாது, பேச உரிமை இருக்கான்னு தெரியல" என்று தொடங்கினார். "நான் பாக்குறதை மட்டும் சொல்றேன். நீங்க எல்லாம் உள்ள இருந்து அண்ணாந்து பாக்குறீக. நான் வெளிய இருந்து வாரேன். கொல்லம்பட்டறை வளைவுல திரும்புனா நம்ம ஊரு மொத்தமும் தெரியும். முன்னாடி சர்ச், கோயிலு, வீடுக எல்லாம் தெரியும், அதுக்குமேல தண்ணி மினுக்கும். இப்பத் தண்ணிதான் தெரியுது. வீடுகளை அதுக்கடியில தேட வேண்டியிருக்கு. ஒவ்வொரு டிரிப்புக்கும் நான் என்னையறியாம சீட்டுல குனியுறேன். பாசஞ்சரும் குனியுறாக."

மண்டபத்தில் நெளிகிற வெளிச்சம் எல்லார் சட்டையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

"எபி" என்றாள் மங்கை, "அதுல ஒரு கீறல் விழுந்தா என்னாகும்?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "கீறல் விழாதவரைக்கும் உலகத்துல அதை அடிச்சுக்க ஒண்ணும் கிடையாதுக்கா. விழுந்துட்டா நிக்காது. இந்த ஓரத்துல ஆரம்பிச்சா அந்த ஓரம்வரைக்கும் ஒரே ஓட்டமா ஓடிரும்."

"மேல கொக்கு இருக்கு, நாரை இருக்கு, அந்த மும்பைக்காரரு எறியச் சொன்ன கல்லு கிடக்கு."

"ஆமாக்கா."

அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு உட்கார்ந்தபடியே, மெல்ல, குன்றின் உச்சியில் ஒட்டியிருக்கிற மூலையை மட்டும் உரித்துவிட்டால் தண்ணீர் பாறைச்சரிவில் இறங்கிக் கண்மாய்க்குப் போய்விடும் என்றும், ஆனால் பாரம் போனதும் தாள் நிற்காது, காற்று கொண்டுபோய்விடும், தேடினால் கிடைக்காது என்றும் சொன்னான். மறுபடி அப்படி ஒன்றை எடுக்க முடியுமா என்று யாரோ கேட்டார்கள். அந்த மிஷின் அன்றைக்கு ஏன் நிற்கவில்லை என்று இன்றுவரை தனக்குத் தெரியாது என்றான்.

துரைச்சிங்கம் தொண்டையைச் செருமினார். "அவுத்துத்தான் ஆகணும், சரி. உயிரு முக்கியம். ஆனா ஒண்ணு செய்வோம். நாளைக்குக் காலையில மார்க்கெட் திறந்ததும் எல்லாரும் வித்துருவோம். இன்னைக்கு விலைக்குப் போகும். வித்து முடிச்சுட்டு நாளன்னைக்கு அவுப்போம். ஊரும் பிழைக்கும், காசும் பிழைக்கும்."

மண்டபம் மூச்சுவிட்டது. சிலர் கையும் தட்டினார்கள். எல்லார் தலையும் மங்கையின் பக்கம் திரும்பியது, ஏனென்றால் விற்க வேண்டுமென்றால் பெரும்பாலானவர்கள் அவள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் விற்க வேண்டும்.

"யாருக்கு விப்பீக அண்ணே?" என்றாள்.

"மார்க்கெட்டுக்கு."

"மார்க்கெட்டுன்னு ஒரு ஆளு கிடையாது. நீங்க விக்கிறதை அந்தப் பக்கம் யாரோ ஒருத்தரு வாங்குனாத்தான் அது வித்த கணக்கு. அவரும் நம்மளை மாதிரி எங்கயோ ஒரு ஊருல, என்னை மாதிரி ஒருத்தி பேச்சைக் கேட்டு வாங்குவாரு."

"அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது."

"பிறகென்ன?"

"தெரிஞ்சவருன்னா விப்பீகளா?"

துரைச்சிங்கத்துக்குக் கோபம் வந்தது. பின்னால் இருந்தவர்களுக்கும் வந்தது. நீதானே வாங்கச் சொன்னாய் என்று ஒரு குரல் கேட்டது, அதை இன்னொரு குரல் வாங்கிச் சொன்னது, பிறகு பல குரல்கள். மங்கை எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள். கடைசியில், தாளை எடுக்கப்போகிறோம் என்று கம்பெனி முதலில் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் விற்பது சட்டப்படியும் குற்றம், சொன்ன பிறகு யார் வேண்டுமானாலும் விற்கலாம், வாங்கியவர்களில் தன் பங்குகள்தான் அதிகம், அவையும் அதற்கு முன்னால் விற்கப்படாது என்று சொல்லிவிட்டு, அருணகிரியோடு வெளியே போனாள். தெருவில் அவள் அழுதுகொண்டு வருகிறாள் என்று தெரிந்து அவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் சந்தை திறக்கும் முன்பு எபிநேசர் அந்த அறிவிப்பை அனுப்பியிருக்க வேண்டும். இரண்டே வரிதான். எழுதிவிட்டு அவன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மங்கை இரண்டு தடவை போன் செய்தாள், "அனுப்புறேன்க்கா" என்றான், அனுப்பவில்லை. சந்தை திறந்து கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் அவன் விரல் அந்தப் பட்டனைத் தொட்டது. அதற்குள் தங்கள் செல்போனிலேயே விற்கத் தெரிந்த சிலர் விற்றிருந்தார்கள். மங்கையின் வாடிக்கையாளர் யார் எதை விற்றாலும் வாங்கினாலும் அவள் திரையில் தெரியும். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் பரிமளாவின் பெயரும் வந்தது. மங்கை அதைப் பார்த்தாள், கம்ப்யூட்டரை அணைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு குன்றுக்குப் போனாள்.

எபிநேசர் அவளுக்குமுன் அங்கே இருந்தான். உச்சிப் பாறையில் ஈரத்தை வைத்துத்தான் மூலை எது என்று கண்டுபிடிக்க முடிந்தது. புதுச் சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கிற விலைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுப்பதுபோல அவன் சுரண்டினான், வரவில்லை, மங்கையும் உட்கார்ந்து சுரண்டினாள், ஒரு நுனி எழும்பியது. அதை அவன் விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு, இழுக்காமல், கண்ணுக்குத் தெரியாத அந்த நுனியைப் பார்த்தபடி இருந்தான்.

"பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாளுதான்க்கா இருக்கு."

"ஆமாப்பா."

அவன் உரித்தான். பாறைச்சரிவில் தண்ணீர் இறங்கியது. இரைச்சலில்லாமல், பாயாமல், கனத்த துணி ஒன்று மடிப்பு மடிப்பாகச் சரிவதுபோல இறங்கி, பிளந்த கண்மாய்க்குள் மீன்களோடு போய்ச் சேர்ந்தது. அன்று பகல் முழுவதும் இறங்கியது, மறுநாள் பகலிலும் இறங்கியது. தென்னைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கடைசி ஈரமும் வடிந்தபோது ஊர் திடீரென்று சற்றுப் பளிச்சென்று ஆனது, எல்லாரும் கண்ணைக் கசக்கினார்கள், மேலே நின்றுகொண்டிருந்த கொக்குகள் நிற்க இடமில்லாமல் ஒரே நேரத்தில் சிறகை விரித்தன. தாள் போய்விட்டது என்று அதில்தான் தெரிந்தது. சாயங்காலம் மழை பெய்தது. தெருவில் காய்ந்த அப்பளமெல்லாம் நனைந்து வீணாகிவிட்டது.

பங்கின் விலை தினமும் விழுந்தது. விற்க ஆளிருந்தது, வாங்க ஆளில்லை. மும்பைக்காரர் போனை எடுக்கவில்லை. துரைச்சிங்கம் மங்கையைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போனார், பலர் கணக்கை முடித்துக்கொண்டார்கள், மாடிப்படி ஏறிவந்து ஒருவர் சத்தம் போட்டார், அதே மனிதர் பத்து நாள் கழித்து நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். வீட்டுக்கு மாடி எடுப்பதைப் பற்றி மங்கையும் அருணகிரியும் பேசவில்லை. பரிமளா எப்போதும்போல மேலே டீ அனுப்பினாள். மங்கை எப்போதும்போல குடித்தாள். திரையில் பார்த்ததைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

தை மாதத்தில் ஒருநாள், அருணகிரியின் பஸ்ஸில் மெலிந்த, முதுகு வளையாத பெரியவர் ஒருவர் வந்து இறங்கினார். வானத்தில் தாள் கட்டியிருந்த ஊர் இதுதானே என்று கேட்டார். அருணகிரி அவரை மாடிக்கு அழைத்துவந்து மங்கையிடம் விட்டார். பெயர் சையது இப்ராஹிம், கடையநல்லூர் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், ஓய்வுபெற்றபோது வந்ததில் ஒரு பகுதியைக் கிராஃபீன் கம்பெனியில் போட்டிருந்தார்.

"தாள் போயிருச்சு சார்" என்றாள் மங்கை.

"தெரியும்மா. போன்ல பார்த்தேன். இருந்தாலும் நம்ம காசு எந்த ஊருல கிடக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்துரலாம்னு தோணுச்சு."

அவள் அவரை நூற்பாலைக்கு அழைத்துப் போனாள். எபிநேசர் தூளைக் காட்டினான். தாள் மிஷினை நிறுத்திவிட்டான், தூள் மட்டும்தான் இப்போது. படகு அடிப்பாகத்துக்குப் பூசுகிற பெயின்டில் கலந்து பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் இரண்டு டிரம் கேட்டிருந்தார், பணம் கொடுத்து வாங்கப்போகிற முதல் ஆள் அவர்தான். அந்த இரண்டு டிரம்களையும் பெரியவர் சுற்றிவந்து பார்த்தார், ஒன்றைத் தட்டியும் பார்த்தார். எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார். தெரியாது, ஆகும், ஆகாமலும் போகலாம் என்றான் எபிநேசர். தலையை ஆட்டிக்கொண்டார்.

பசியோடு இருப்பார் என்று மங்கை அவரைப் பரிமளாவின் கடைக்குக் கூட்டிவந்தாள். பரிமளா வாழையிலை போட்டு இட்லி வைத்தாள். இவர் யார், எதற்காக வந்திருக்கிறார் என்று மங்கை சொன்னதும், அடுத்த மேஜைக்குப் போக வேண்டியவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

"என்னைக்கு சார் வாங்குனீக?"

அவர் தேதியைச் சொன்னார்.

"காலையிலயா?"

"காலையிலதாம்மா. மார்க்கெட் திறந்ததும். முதல்நாள் வரைக்கும் கேட்டாக் கிடைக்கல, அன்னைக்குத்தான் கிடைச்சுது."

மங்கை தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிமளா சட்னி வாளியைக் கைமாற்றிப் பிடித்தாள்.

"அன்னைக்குக் காலையில நான் வித்தேன் சார்" என்றாள். "அதுக்கு முந்துன நாளே எங்களுக்குத் தெரியும், தாளை எடுக்கப்போறோம்னு. தெரிஞ்சுதான் வித்தேன்."

கடையில் வேறு இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களும் நிறுத்தினார்கள். பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பல வருஷம் மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பார்த்த கண்கள் அவை, அவசரப்படவில்லை.

"எதுக்கும்மா வித்தே?"

"பயமா இருந்துச்சு சார்."

"எனக்கு ஆசையா இருந்துச்சு" என்றார் அவர்.

ஒரு இட்லியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். பிறகு இலையில் வெறுமையாக இருந்த இடத்தை விரலால் காட்டினார்.

"சட்னி இருக்கா?"

"இருக்கு சார்."

பரிமளா குனிந்து ஊற்றினாள். கொஞ்சம் அதிகமாக விழுந்து, சட்னி இலையின் ஓரத்துக்கு ஓடியது, மேஜையில் வழியப்போகும்போது பெரியவர் ஒரு துண்டு இட்லியை எடுத்து அதை அங்கேயே அணைத்து நிறுத்தினார்.